மூப்பும் மதிஞானமும்



பேத்தியின் பெயர் நாவில் வராமல் சற்றே தடுமாறிப் பின்னர் நினைவுக்கு வருவது மூப்பின் இயல்பு. நாற்பது ஆண்டுகள் சமைத்த அடுக்களையில் எது எவ்விடம் என்று அறியாமல் ஒருவர் திகைத்து நிற்பது நோய். நம் இல்லங்களில் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி, "வயதாகிவிட்டது" என்று அமைகின்றோம். இன்னும் சிலர் ஒருபடி மேலே சென்று, "ஞானாவரணீய கர்மம், நாம் என்ன செய்ய இயலும்?" என்று கேட்கின்றனர். இக்கேள்வியைத்தான் நான் அஞ்சுகிறேன். ஏனெனில் இது ஆகமத்தின் சொல்லை எடுத்துக்கொண்டு, கடமையைக் கைவிடச் சொல்கிறது.

ஞானாவரணீயம் அறிவை மறைப்பது, அழிப்பதன்று. கதிரவனை மேகம் மறைத்தாற்போல என்று நம் பெரியோர் உவமை கூறுவர். அக்கர்மம் பலன் தருவதும் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கையும் சார்ந்தே என்பது நம் கொள்கை. உண்ணும் உணவும், வாழும் இடமும், உடனிருப்போர் உள்ளமும் அவற்றுள் அடங்கும். காய்ச்சல் கண்டால் அசாதா வேதனீயம் என்று கூறி மருந்தை ஒதுக்கி வைக்கின்றோமா? இல்லையே!

மதிஞானம் நான்கு படிகளில் நிகழும். பொருள் புலனில் படுவது அவக்கிரகம். இன்னதாயிருக்குமோ என ஆராய்வது ஈகை. இன்னதே எனத் துணிவது அவாயம். துணிந்ததை உள்ளத்தில் இருத்துவது தாரணை. ஆசிரியர் பயிற்சி பெற்றோர் இதனைப் படித்தால் வியப்பர். கடைசிப் பலகையில் அமர்ந்த சிறுவன் மந்தபுத்தி என்று பெயர் வாங்குவான். கண்ணாடி அணிவித்து முன்வரிசையில் அமர்த்தினால் கணக்கில் தேறிவிடுவான். தவறு தாரணையில் இல்லை, அவக்கிரகத்தில் இருந்தது.

முதியோர்க்கும் இஃது அப்படியே பொருந்தும். நம் சோமனூரில் விசைத்தறியின் ஓசை அறியாத தெரு ஏது? தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். அவ்வோசையில் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்தோர்க்குச் செவி சிறுகச் சிறுக மங்குகிறது. "சொன்னதை மறந்துவிட்டார்" என்று மக்கள் குறை கூறுவர். அவர் காதில் அது விழவேயில்லை. இவ்வாறு நகைப்புக்கு ஆளானவர் பேச்சைக் குறைத்து, திண்ணையை விட்டு உள்ளறைக்குச் சென்று, தனித்துவிடுகிறார். பேச்சற்ற மூளை மேலும் தளர்கிறது.

'லான்செட்' மருத்துவ இதழின் அறிஞர் குழு 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கு வழிகோலும், மாற்றத்தக்க காரணங்கள் 14 எனக் குறிக்கிறது. அவை அனைத்தையும் களைந்தால் உலகில் இந்நோயுறுவோருள் ஏறக்குறைய 45 விழுக்காட்டினர்க்கு அது வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலுமாம். இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மது, உடலுழைப்பின்மை ஆகியன நாம் முன்பே அறிந்தவை. செவிக்குறையும், மருத்துவம் செய்யப்படாத பார்வைக்குறையும், தனிமையும் அப்பட்டியலில் உள்ளன என்பதைத்தான் கருத வேண்டும். சுருதஞானம் மதிஞானத்தை முன்னிட்டே பிறக்கும் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் முடிபு. ஆகவே காது கேட்கும் கருவியை நாணமின்றி அணிந்துகொள்வது சுவாத்தியாயத்திற்கு ஆயத்தமாவதே ஆகும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சுவாத்தியாயம் ஐவகை: வாசித்தல், வினவுதல், சிந்தித்தல், உருப்போடுதல், பிறர்க்கு உரைத்தல். நாம் உருப்போடுதல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, வினவுதலை விட்டுவிட்டோம். கொங்கு நாட்டுச் சீனாபுரத்தவர் என்று வழங்கப்பெறும் பவணந்தி முனிவரும், கேட்டவற்றை நினைத்தலையும், உடன் கற்போரோடு பயிலுதலையும், வினாவுதலையும் விடையளித்தலையும் நன்னூற் பாயிரத்தில் வைத்தார். எழுபது வயதிலும் பேரனிடம் ஒரு கதையைச் சொல்லி, அவன் கேட்கும் வினாவுக்கு விடை தேடுவது இவ்வைந்தையும் ஒருங்கே செய்வதாகும்.

ஐதராபாத்தில் நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர், மறதி நோயுற்ற 648 பேரை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். ஒரு மொழி மட்டும் பேசியோரைக் காட்டிலும், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியோர்க்கு நோய் சுமார் நாலரை ஆண்டுகள் பிந்தித் தோன்றியிருந்தது. எழுத்தறியாதாரிடத்தும் இவ்வேறுபாடு காணப்பட்டது. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ, கடைவீதியில் தமிழோ பேசும் நெசவாளர் குடும்பங்கள் இங்குப் பல. பிள்ளைகளிடம் வீட்டு மொழியை விட்டுவிட வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்வேன்.

இனி உணவு. புலால் மறுத்தல் நமக்கு உயிரினும் மேலானது, அதில் பேச்சில்லை. ஆயினும் பி12 என்னும் உயிர்ச்சத்து காய், கனி, தானியங்களில் இல்லை என்றே கூறலாம். நமக்குக் கிடைப்பது பாலிலும் தயிரிலுமே. மூப்பில் பசி குன்றிப் பாலையும் குறைத்தோர்க்கும், சர்க்கரைக்கு 'மெட்ஃபார்மின்' மாத்திரையை நெடுநாள் உண்போர்க்கும் இச்சத்து குறையக்கூடும். கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், மறதி ஆகியன இக்குறையாலும் வரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். காலத்தே கண்டால் பெரும்பாலும் சீர்செய்யலாம். மருந்தும் ஹிம்சையின்றிக் கிடைக்க வேண்டுமே என்பீர்கள். கூட்டுறை மாத்திரைகளின் மேலுறை பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. ஆகவே உறையில்லாத மாத்திரையோ ஊசியோ தருமாறு மருத்துவரைக் கேளுங்கள்.

உபவாசத்தைப் பற்றியும் ஒரு சொல். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்போர் மருத்துவரைக் கலக்காமல் நோன்பேற்று, மருந்தை மட்டும் வழக்கம்போல் எடுத்தால், இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்து மூளைக்கே கேடு நேரும். பதினாறு பாவனைகளுள் சக்திக்கேற்ற தவம் என்பதும் ஒன்றல்லவா? வயிற்றைச் சற்றே குறைய வைக்கும் ஊனோதரமும் தவந்தான். இரவில் நீரும் தவிர்ப்போர் பகலில் நிறையப் பருகிக்கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் நீர் வற்றினால் முதியோர்க்கு அறிவு மயங்கும்.

இத்தனை காத்தும் நோய் சிலர்க்கு வரும். நல்லொழுக்கமுடையோர்க்கும் வரும், அதனால் அவர் வாழ்ந்த வாழ்வை யாரும் குறைத்துப் பேசலாகாது. அண்மையில் நடந்ததை மறந்தவரும், சிறு வயதில் மனத்திற் பதிந்ததைப் பல நாள் வரை இழப்பதில்லை. மாலையில் அவரருகே அமர்ந்து பஞ்ச நமஸ்காரத்தை மெல்லத் தொடங்குங்கள். அவர் பாதியில் நின்றால் அடுத்த அடியை எடுத்துக் கொடுங்கள். மாற்றிச் சொன்னால் திருத்த வேண்டாம்.