சலுகைக் கட்டணமும் கேட்பவரின் மானமும்

ஆக்லாந்தின் அரசு மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறும் குடிமக்களிடமும் நிரந்தர வதிவாளர்களிடமும் பணம் வாங்குவதில்லை. குடும்ப மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் உண்டு. மருந்துக் கடையில் ஒவ்வொரு மருந்துக்கும் 5 டாலர் உண்டு. வயதான காலத்தில் பராமரிப்பு இல்லத்தில் சேர நேர்ந்தால் செலவு பெரிது. வருமானம் குறைந்தவர்களுக்கு இவை எல்லாவற்றிலும் சலுகை கிடைக்கலாம், ஆனால் அவர்களில் பலர் விண்ணப்பித்துத்தான் அதைப் பெற வேண்டும். தன் வரவு இவ்வளவுதான் என்று அரசிடம் ஆதாரத்தோடு காட்ட வேண்டும். இங்கே ஒரு பழைய அறக் கேள்வி எழுகிறது. இல்லாமையை நிரூபித்துப் பெறுவது இரத்தலா, உரிமையைக் கேட்டு வாங்குவதா?

சலுகைகளில் பரவலானது கம்யூனிட்டி சர்வீசஸ் கார்டு. 1992 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த இதை வொர்க் அண்ட் இன்கம் அலுவலகம் வழங்குகிறது. உதவித்தொகையில் வாழ்பவர்களுக்கு அட்டை தானாகவே வந்துவிடும். குறைந்த கூலிக்கு வேலை செய்பவர்கள் படிவம் நிரப்ப வேண்டும். அதில் வரி பிடிப்பதற்கு முந்தைய வருமானம், வாழ்க்கைத் துணையின் வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்கிறார்கள். இங்கே குடியேறிய தமிழருக்குக் கொழும்பிலிருந்து வரும் ஓய்வூதியமும் சென்னையில் விட்டுவந்த வீட்டின் வாடகையும் வருமானக் கணக்கில் சேரும். சேமிப்பும் சொந்த வீடும் இந்த அட்டைக்குக் கணக்கில்லை. 2018 டிசம்பர் முதல், அரசின் கட்டணக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவ நிலையங்கள் அட்டை வைத்திருக்கும் பெரியவர்களிடம் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு வந்தது. அப்போது அது 18.50 டாலர். மருந்துக்கான 5 டாலர் 2023 ஜூலையில் எல்லோருக்கும் நீக்கப்பட்டது. 2024 ஜூலையில் அது திரும்பி வந்தபோது அட்டை வைத்திருப்போருக்கும் 14 வயதுக்குக் குறைந்தோருக்கும் 65 வயதைத் தொட்டோருக்கும் விலக்குக் கிடைத்தது. சாண்ட்ரிங்ஹாமிலோ மனுகாவிலோ மருந்துக் கடையில் வரிசையில் நிற்பவரிடம் "கார்டு இருக்கிறதா?" என்று கேட்கும்போது பின்னால் நிற்பவர் காதிலும் அது விழும். கேள்வி என்னவோ சாதாரணமானது. ஆனால் சிலர் அந்த ஒரு கேள்விக்காகவே அட்டை வாங்காமல் இருந்துவிடுவதும் உண்டு.

இரத்தலா உரிமையா என்ற கேள்விக்கு நியூசிலாந்து வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடை சொல்லியிருக்கிறது. 1898ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டம் 65 வயதான ஏழைகளுக்கு ஆண்டுக்கு 18 பவுண்டு வரை தந்தது. வருமானம் குறைவு என்று காட்டினால் மட்டும் அது கிடைக்கவில்லை. நல்லொழுக்கம் உள்ளவர், மதுவுக்கு அடிமையாகாதவர் என்றும் காட்ட வேண்டியிருந்தது. விசாரணை நீதிபதி முன்னால் திறந்த மன்றத்தில் நடந்தது. சீனரும் பிற ஆசியரும், குடியுரிமை பெற்றிருந்தாலும், விலக்கி வைக்கப்பட்டார்கள். அந்த விலக்கு 1936இல்தான் நீங்கியது. ஆக, அந்தச் சட்டத்தின் கண்ணில் வறுமை மட்டும் போதாது. வறியவர் தகுதியானவராகவும் தங்களவராகவும் இருக்க வேண்டும்.

1938இல் பிரதமர் மைக்கேல் ஜோசப் சாவேஜின் தொழிற்கட்சி அரசு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நடைமுறைக்கு வந்த கிறிஸ்தவம் என்று சாவேஜ் அதை வருணித்தார். மருத்துவமனைச் சிகிச்சை இலவசமானது. குடும்ப மருத்துவர்கள் மட்டும் அரசின் பணத்துக்கு மேல் நோயாளியிடம் கட்டணம் வாங்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைய சலுகை அட்டையின் தேவை அந்த விட்டுக்கொடாமையிலிருந்து பிறந்தது. 1974இல் தொடங்கிய விபத்து இழப்பீட்டுத் திட்டம் வேறு வழியில் போனது. 1967இன் வுட்ஹவுஸ் அறிக்கை சமூகப் பொறுப்பு என்பதை அதன் முதல் கொள்கையாக வைத்தது. ஏணியிலிருந்து விழுந்து கால் ஒடிந்தவரிடம் சிகிச்சைச் செலவைத் தரும் முன் சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. அதே கால் நீரிழிவால் புண்ணானால், குடும்ப மருத்துவரிடம் குறைந்த கட்டணம் கேட்பவர் வருமானத்தைக் காட்ட வேண்டும். ஒரே நாட்டின் சட்டத்துக்குள் இரண்டு அறக் கொள்கைகள் பக்கத்துப் பக்கத்தில் இயங்குகின்றன.

தமிழ் மரபும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. திருக்குறள் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரத்திலும் ஈகையை 23ஆம் அதிகாரத்திலும் வைக்கிறது. முதலாவது, கைம்மாறு கருதாமல் ஊருக்குச் செய்யும் கடமை. பெறுபவரின் வறுமை அதற்கு நிபந்தனையில்லை. இரண்டாவது வறியவருக்குக் கொடுப்பது. அதில் பெறுபவரின் வறுமைதான் ஈகைக்கு இலக்கணம். வருமானச் சோதனை இல்லாத விபத்து இழப்பீடு ஒப்புரவின் பக்கம் நிற்கிறது. சலுகை அட்டை ஈகையின் பக்கம் சாய்கிறது. கேட்பவரைப் பற்றி 106, 107ஆம் அதிகாரங்கள் பேசுகின்றன. தகுந்தவரிடம் கேட்கலாம், அவர் ஒளித்தால் பழி அவருக்கே என்கிறது முன்னது. மனமுவந்து கொடுப்பவரிடமும் கேட்காமலிருப்பது கோடி பெறும் என்கிறது பின்னது. இரண்டும் சேர்ந்து ஒரு நிலைப்பாட்டைத் தருகின்றன. கேட்பது வலி, ஆனால் பழி கேட்பவர்மேல் விழுவதில்லை.

சைவ மரபில் இன்னும் துணிச்சலான கதை ஒன்று உண்டு. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் அடியார்களுக்குச் சோறிட இறைவனிடம் நாள்தோறும் பொற்காசு பெற்றதாகப் பெரிய புராணம் சொல்கிறது. சம்பந்தர் பெற்ற காசுக்குச் சந்தையில் மதிப்பைக் குறைத்து வட்டம் பிடித்தார்கள். அதனால் அவர் மடத்தில் சமையல் தாமதமானது. அவர் அதை அருள் என்று வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளவில்லை. குறையில்லாத காசு தரும்படி பதிகம் பாடினார். பெறுபவர் நன்றியோடு இருக்க வேண்டும், குறை சொல்லக் கூடாது என்ற நினைப்பை அந்தக் கதை ஏற்கவில்லை. குசேலர் இதற்கு நேர்மாறு. துவாரகை வரை போயும் அவருக்குக் கேட்க வாய் வரவில்லை. கண்ணன் கேளாமலே அறிந்து கொடுத்தான். நிர்வாகக் கண்ணில் பார்த்தால், தானாக வரும் அட்டைக்கும் விண்ணப்பித்து வாங்கும் அட்டைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

சோதித்துக் கொடுக்கலாமா என்பதை யூதச் சட்டம் நுட்பமாக ஆராய்ந்திருக்கிறது. உணவு கேட்பவரை விசாரிக்க வேண்டாம், உடனே கொடு; உடை கேட்பவரை விசாரிக்கலாம் என்பது தால்முதின் விவாதத்திலிருந்து எழுந்து, 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடீஸ் ஏற்ற விதி. விசாரணையின் அளவைத் தேவையின் அவசரம் முடிவு செய்கிறது. உதவியில்லாமல் வாழ முடியாதவர் கர்வத்தால் மறுத்து உயிரைக் கெடுத்துக்கொண்டால் அவர் இரத்தம் சிந்தியவருக்குச் சமம் என்றும் மைமோனிடீஸ் எழுதினார். மானத்துக்கும் ஒரு எல்லை உண்டு என்பதே அதன் பொருள். செல்வரின் பொருளில் கேட்பவருக்கும் கேட்காமல் இழந்து நிற்பவருக்கும் உரிமை உண்டு என்று குர்ஆன் (70:24-25) சொல்கிறது. தன்னடக்கத்தால் கேளாதவரை அறியாதவர்கள் பணக்காரர் என்று நினைத்துவிடுகிறார்கள் என்று வேறோரிடத்தில் (2:273) எச்சரிக்கிறது. அங்கே தேடிப் போகும் கடமை கொடுப்பவருடையது.

தற்கால மெய்யியலில் ஜொனாதன் வுல்ஃப் 1998இல் இதே சிக்கலை எடுத்தார். யாருக்கு உதவி சேர வேண்டும் என்று துல்லியமாகப் பிரிக்க முயலும் அரசு, மக்கள் தங்கள் இயலாமையைத் தாங்களே வெளிப்படுத்திக்கொள்ளும்படி செய்கிறது. பங்கீடு நியாயமாகலாம், மரியாதை குறைகிறது. இதற்கு எதிர்வாதமும் வலுவானது. பொதுப்பணம் அளவுக்கு உட்பட்டது. ரெமுவேராவில் பெரிய வீட்டில் இருப்பவருக்கும் ஓடாராவில் மூன்று வேலை பார்ப்பவருக்கும் ஒரே சலுகை கொடுத்தால், இரண்டாமவருக்குக் கிடைக்க வேண்டியது குறைந்துபோகும். சோதனையே அவமதிப்பு என்றால் வரி கட்டுவதும் அவமதிப்புத்தான். அங்கேயும் வருமானத்தை வெளிப்படுத்துகிறோம். வரிப் படிவம் நிரப்பும்போது கூசாதவர் சலுகைப் படிவத்தில் கூசுகிறார் என்றால், கூச்சத்தின் காரணம் படிவத்தில் இல்லை. கொடுப்பவர் உயர்ந்தவர், பெறுபவர் தாழ்ந்தவர் என்ற சமூக எண்ணத்தில் இருக்கிறது.

விண்ணப்பிப்பவருக்கும் ஒரு கடமை உண்டு: உண்மை. இது கூர்மையாகும் இடம் முதியோர் இல்லக் கட்டணத்துக்கான மானியம். 65 வயதை எட்டியவருக்கு இல்லப் பராமரிப்பு தேவை என்று மதிப்பீடு சொன்ன பின், வொர்க் அண்ட் இன்கம் வருமானத்தோடு சொத்தையும் அளக்கிறது. முன்பே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்ட பணமும் கணக்குக்கு வரும். விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்தாண்டுகளில் கொடுத்ததற்குச் சிறிய வரம்பு. அதற்கு முன் கொடுத்ததற்கு ஆண்டுக்கு 27,000 டாலர். வரம்பைத் தாண்டியது இன்னும் கையில் இருப்பதாகவே கருதப்படும். மகனுக்கு வீட்டு முன்பணம், மகளுக்கு நகை என்று கொடுத்து வாழ்ந்த தமிழ்ப் பெற்றோருக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். அவர்கள் ஊரில் அது கடமை. ஆனால் கொடையின் எல்லையைத் தர்ம சாத்திரமும் பேசியிருக்கிறது. குடும்பத்தின் பராமரிப்புக்குக் கெடுதல் வராத அளவுக்கே தன் பொருளைக் கொடுக்கலாம் என்பது யாக்ஞவல்கிய ஸ்மிருதியின் விதி. தன் முதுமைச் செலவை ஊரார் தலையில் வைக்கவேண்டும் என்று திட்டமிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அந்த விதியின் உட்கருத்தோடு பொருந்தாது. பின்னால் வரும் நோயை அறியாமல் அன்பால் கொடுத்தது வேறு. ஆண்டுக் கணக்கும் டாலர் கணக்கும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

மாவோரி மரபு மனிதரின் கண்ணியத்தையும் மதிப்பையும் மானா என்கிறது. விருந்தோம்பி உபசரிப்பது விருந்தினரின் மானாவை உயர்த்த வேண்டும், குறைக்கக் கூடாது. சமூக நல முறையை ஆராய்ந்த நிபுணர் குழு 2019இல் தன் அறிக்கைக்கு ஃபகமானா தாங்கத்தா, அதாவது மனிதருக்கு மானாவைத் திரும்பத் தருதல், என்று பெயரிட்டது. மேலே கண்ட மரபுகள் பலவும் அந்தத் திசையையே காட்டுகின்றன. பொருளை அளக்கும் சோதனை நியாயம். 1898இல் போல ஆளை அளப்பது நியாயமல்ல. அவசரத் தேவையில் விசாரணை பின்னால் வரட்டும். அரசிடம் ஏற்கெனவே இருக்கும் தகவலை மறுபடி கேட்க வேண்டியதில்லை. விண்ணப்பிப்பவர் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்குமேல் அவர் நன்றியோ வெட்கமோ காட்டக் கடன்பட்டவரல்லர். இந்த வரையறைகளுக்குள் சலுகைக்கு விண்ணப்பிப்பது இரத்தலாகாது. வரி கட்டுவதைப் போல அதுவும் பொதுக் கணக்கில் ஒருவர் தன் இடத்தைச் சொல்லும் செயலே.