ஓவியன் கண்ணும் வேட்டுவன் கையும்

அழகை வெளிப்படுத்துவதற்காக ஓர் உயிரை அழித்தல் அறமாகுமா? இவ்வினாவைப் பொதுப்படையாக ஆராய்வதிலும் பார்க்க ஒரு கலைஞனின் வாழ்வோடு பொருத்தி நோக்குதல் பயன்தரும். 'அமெரிக்கப் பறவைகள்' என்னும் பெருந்தொகுதியைப் படைத்த ஜோன் ஜேம்ஸ் ஓடுபன் (1785-1851) அதற்கேற்ற எடுத்துக்காட்டாவார்.

ஓவியத்தைப் பெரிதும் தம் முயற்சியாலேயே கற்றவர் அவர். வணிகத்தில் நொடித்து, 1819 இல் கடனுக்காகச் சிறையும் புகுந்தார். பின்னர் காடும் கடற்கரையுமே அவருக்குப் பயிற்சிக்கூடங்களாயின. 1827 தொடக்கம் 1838 வரை வெளிவந்த அவருடைய 435 படங்களும் பறவைகளை அவற்றின் இயல்பான பருமனிலேயே காட்டுவன. புளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் 1832 இலும், லபிரடோர்க் கரையில் 1833 இலும் அவர் கண்ட கடற்பறவைகள் பல அவற்றுள் அடங்கும்.

அவருக்கு முற்பட்டோர் படங்களிற் பறவை பெரும்பாலும் பஞ்சடைத்த உடலாய்ப் பக்கவாட்டில் நின்றது. ஓடுபனின் பறவையோ இரைமீது பாயும், சிறகு விரிக்கும், குஞ்சுக்கு உணவூட்டும். இவ்வுயிர்ப்பு எங்ஙனம் வந்தது? சுட்டு வீழ்த்திய பறவையை, அதன் நிறம் மங்குமுன், கட்டமிட்ட பலகையிற் கம்பிகளாற் பொருத்தி, உயிரோடிருக்கையில் தாம் கண்ட நிலைக்குக் கொணர்ந்து அவர் வரைந்தார். படத்திலுள்ள வாழ்வு ஒரு சாவின்மீது எழுந்ததாகும்.

பறக்கும் பறவையைப் பதியவல்ல நிழற்படக் கருவி தோன்றாத காலம் அது. வேறு வழியில்லை என்பர். ஒரு பறவைக்கு இவ்வாதம் பொருந்தலாம். ஆனால் புளோரிடாவில் தம் குழுவினர் சுட்ட பறவைகள் குவியலாய்க் கிடந்ததை அவரே எழுதியுள்ளார். ஒரு குவியலுக்குத் தூரிகையின் தேவை விளக்கமாகாது.

எனினும் சிக்கலின் ஆழத்தைக் காட்டுவது குவியலன்று, ஒரு தனிக் கழுகு. 1833 இல் பொஸ்டனில் உயிருள்ள பொன்னிறக் கழுகொன்றை அவர் விலைக்கு வாங்கினார். அதன் பார்வையிற் கண்ட பெருமிதம் அவரைக் கலக்கிற்று. விடுவித்து விடலாமோ என்றும் எண்ணினார். ஆயினும் ஓவிய வேட்கையே வென்றது. இறகு கெடாதிருக்கும் பொருட்டுக் கரிப்புகையால் மூச்சடக்க முயன்றார், கழுகு சாகவில்லை. கந்தகமும் சேர்த்தார், அப்போதும் சாகவில்லை. இறுதியில் கூரிய உருக்குக் கம்பியை அதன் நெஞ்சிற் பாய்ச்சினார். பின்பு பல நாள் ஓயாது வரைந்து, நோயுற்று வீழ்ந்தார்.

அதே ஆண்டு லபிரடோர்க் கரையில், கடற்பறவைகளின் முட்டைகளைக் கொள்ளையிட்டு விற்போரைக் கண்டு மனங்கொதித்து எழுதினார். அக்கண்டனம் நேர்மையானதே. ஆயினும் இருசாராரையும் ஒப்புநோக்கின், முட்டை கவர்ந்தோன் பறவையிற் கண்டது காசை மட்டுமே. ஓடுபன் கண்டதோ ஓர் உயிரின் பெருமிதத்தை. கண்ட பின்னரே கொன்றார். அறியாது செய்தவனிலும் அறிந்து செய்தவன் பொறுப்பு மிகுதியன்றோ? ஓவியத்தின் உயர்வு இப்பொறுப்பைக் குறைக்காது. இப்பொறுப்பு ஓவியத்தைத் தாழ்த்துவதுமில்லை. இரண்டையும் ஒருங்கே ஏற்பது இரசிகனுக்குக் கடினமே.

ஓடுபன் இதனை ஓரளவு உணர்ந்திருந்தார் போலும். வெண்முயலைப் பற்றிப் பறக்கும் அக்கழுகின் மூலச்சித்திரத்தில், கீழே மலைப்பிளவின் மேற் கிடக்கும் மரமொன்றில் வேடன் ஒருவன் தவழ்ந்து செல்கிறான். அவன் முதுகிற் செத்த கழுகொன்று கட்டப்பட்டுள்ளது. அவ்வேடன் ஓடுபனே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். இலண்டனில் ஹவெல் செதுக்கி அச்சிட்ட படத்தில் மரம் இருக்கிறது, மனிதன் இல்லை.