பூனைக்குச் செய்யும் அறுவை பாவமாகுமா?



பெண்பூனை பிறந்த நான்கைந்து திங்களிலேயே கருவுற வல்லது. சற்றேறக்குறைய இரண்டு திங்களில் ஈனும். ஓராண்டில் பலமுறையும் ஈனக்கூடும். அக்குட்டிகளுள் பல பசியாலும் நோயாலும் வண்டிச் சக்கரத்தாலும் மடிகின்றன. நாமோ கண் திறவாத குட்டிகளைச் சாக்கிலிட்டு ஊர்ப்புறத்தே விட்டுவருகிறோம். "கொல்லவில்லையே" என்று மனம் ஆறுதல் கொள்கிறது. பட்டினியால் துன்புறும் என்றறிந்தும் ஓர் உயிரைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமே குற்றம் என்கிறது. அருகன் அறம் அதனினும் தளர்ந்ததோ?

இதற்கு ஒரு வழி உண்டு. தெருப்பூனையைக் கூண்டில் பிடித்து, கால்நடை மருத்துவரிடம் மயக்க மருந்து கொடுத்துக் கருத்தடை அறுவை செய்வித்து, வெறிநோய்த் தடுப்பூசியும் இடுவித்து, தேறியபின் பிடித்த இடத்திலேயே விடுவது. மயக்கத்திலிருக்கும்போதே காது நுனியைச் சிறிது நறுக்கி அடையாளமிடுவர்.

இங்கே நூலறிந்த பெரியோர் தடுப்பர். தத்துவார்த்த சூத்திரம் கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. கூண்டு பந்தம் ஆகாதோ? அறுவைக்கு முன் உணவை நிறுத்துதல் அன்னபான நிரோதம் ஆகாதோ? சேதத்துக்கு உரை கண்ட பூஜ்யபாதர் காது, மூக்கு முதலிய உறுப்புகளை அறுப்பதையே கூறினாரன்றோ?

வினா வலியது, எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் அதே சூத்திரம், பிரமத்த யோகத்தால் உயிர்ப்பிராணனைப் போக்குவதே ஹிம்சை என்று இலக்கணம் வகுத்தது. சினத்தால் கட்டுவதும், பேராசையால் பட்டினியிடுவதும் வேறு. மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழலை அடைக்காதிருக்க மருத்துவர் சொன்ன நேரம்வரை உணவை நிறுத்துவது வேறு. காதின் அடையாளமும் அத்தகையதே. அதனைக் கண்டோர் அப்பூனையை மீண்டும் பிடியார். அது இரண்டாம் முறை கத்திக்கு ஆளாகாது. வலி அறவே இல்லையென்று நான் சொல்லேன். அறுவையில் சிறிது துன்பம் உண்டு. ஆகவே கவனக்குறைவாகச் செய்தால் அதிசாரமே. பாலூட்டும் தாயைப் பிடித்துச் சென்று, குட்டிகளைப் பசியில் வாடவிடுவோர்க்கு அப்பாவம் தப்பாது.

இன்னொன்று. பூனை முதலியவற்றை வளர்ப்பதை அநர்த்த தண்டமாகக் கார்த்திகேயானுப்பிரேட்சை விலக்குகிறது. ஊனுண்ணும் உயிரைப் புலால் புகாத இல்லத்தில் வளர்ப்பது நமக்கும் இடர், அதற்கும் இடர். (பாற்சோறு மட்டும் அதற்குப் போதாது.) ஆனால் தெருவில் உள்ள பூனையை நாம் கொணரவில்லை. அதன் இனம் பெருகாதாயின், அதன் வாய்ப்படும் எலியும் அணிலும் குருவியும் குறையும்.

மனிதரோடு பழகாது முதிர்ந்த பூனை வீட்டில் அடங்காது. அதற்குத் தெருவே இல்லம். இளங்குட்டிகளோ எளிதில் பழகும். பாலுண்ணல் மறந்து, தாமே உண்ணத் தொடங்கிய பின், ஏறத்தாழ எட்டு வாரத்தில், விரும்பும் பிற குடும்பத்தாரிடம் ஒப்படைக்கலாம். உரிய வயதில் கருத்தடை செய்விப்போம் என்ற வாக்கைப் பெற்றே கொடுங்கள். தசலட்சண பர்வத்தில் ஜீவதயைக்கென ஒதுக்கும் பொருளில் ஒரு பகுதியை மருத்துவர் கூலிக்கு வைத்து, முதலில் ஜினாலயத் தெருவில் திரியும் பூனைகளை எண்ணிப் பாருங்கள்.