இரண்டு விரல் இடைவெளி

கோவில் திருவிழா மலருக்காகத் தலைவரின் மகன் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். பெடாஸ் வட்டார ரப்பர் தோட்டங்களில் பிறந்து ராணுவத்தில் வேலை பார்த்தவர்களுக்காக இந்த ஆண்டு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். பெயர், பிறந்த தோட்டம், படைப்பிரிவு, பதவி எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவிட்டேன். கடைசியில் ஒரு கேள்வி: 'உங்கள் ராணுவ வாழ்க்கையில் நீங்கள் மிகவும் பெருமைப்படும் சாதனை எது?' கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்கள். மூன்று வாரமாக அந்தக் கோடுகள் காலியாகவே கிடக்கின்றன.

"மெடல் எதுக்குக் கொடுத்தாங்கன்னு எழுதுங்க தாத்தா, போதும்" என்றான் பையன். என்னிடம் இருப்பது பிங்காட் பெர்கிட்மாத்தான் ஆம். காட்டில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கிடைத்த பதக்கம். 1971இல் ஈப்போ பக்கம் உலு கிந்தா காட்டில் உயிர் விட்ட கேப்டன் மோகன சந்திரனுக்கு நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான செரி பாலாவான் காகா பெர்காசா கொடுத்தார்கள். அவர் செய்ததை எழுதலாம், படித்தவன் எழுந்து நிற்பான். நான் செய்த வேலையை எப்படி எழுதுவது? அது ஒழுங்காக நடந்த நாளில் ஒன்றுமே நடந்திருக்காது.

நான் 1972இல் சேர்ந்தேன். பத்தொன்பது வயது. ராணுவப் பொறியாளர் படையில் சாப்பர். கிரிக்கிலிருந்து ஜெலி வரை கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1970இல் தொடங்கிய வேலை 1982இல்தான் திறப்பு விழா கண்டது. நடுவில் 1974இல் கம்யூனிஸ்டுகள் சாலை போடும் இயந்திரங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். காட்டுப் பாதையில் கண்ணிவெடி புதைத்தார்கள். ஜெராங்காப் சாமார் என்று நாங்கள் சொல்வோம். மரம், பிளாஸ்டிக், டார்ச் பேட்டரி என்று கையில் கிடைத்ததை வைத்துச் செய்வார்கள். இரும்பு குறைவாக இருந்தால் வெடி தேடும் கருவி கத்தாது. அப்போது நம்ப வேண்டியது கையை மட்டும்தான்.

குப்புறப் படுத்துக்கொண்டு, பயோனெட்டை முப்பது பாகை சாய்த்து மண்ணுக்குள் மெல்லச் செருக வேண்டும். நேராகக் குத்தினால் முனை வெடியின் தலையில் படும். சாய்த்துச் செருகினால் விலாவில் போய்த் தட்டும், கை நின்றுவிடும். ஒன்றும் தட்டாவிட்டால் இரண்டு விரல் தள்ளி மறுபடியும். ஒரு மீட்டர் அகலத்துக்கு இப்படியே குத்திக்கொண்டு போய், இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டுவோம். ஒரு மணி நேரத்தில் பத்து கெஜம் போனால் பெரிய காரியம்.

இந்த வேலை எனக்குச் சீக்கிரம் பிடிபட்டதற்குக் காரணம் அப்பா. ஏழு வயதிலிருந்தே அவரோடு விடியலுக்கு முன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், பின்னால் வாளி தூக்கியவன் நான். பால்மரத்தில் வெட்டும் ஏறக்குறைய அதே முப்பது பாகை சாய்வுதான். உளி பட்டையைச் சீவ வேண்டும், உள்ளே இருக்கும் மரத்தைத் தொடக்கூடாது. தொட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், அப்புறம் அங்கே வெட்ட முடியாது. மேற்பார்வை பார்க்கும் மண்டோர் மரம் மரமாகப் பார்த்துக் காயத்தை எண்ணுவார். "எங்க நிறுத்தணும்னு கைக்குத் தெரியணும்டா" என்பார் அப்பா. ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து நிறுத்துவார். நாற்பது வருடம் மரத்தை அடிபடாமல் வைத்திருந்தார். அதற்காக அவருக்கு யாரும் பட்டயம் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் என்ன எழுதிக் கொடுத்திருப்பார்கள்?

எங்கள் பிளட்டூன் நாட்குறிப்பில் பெரும்பாலான நாட்களுக்கு ஒரே வரிதான்: தியாடா அப்பா அப்பா. ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரிக்காக நான் நாள் முழுவதும் நெஞ்சு மண்ணில் பதியக் கிடந்திருப்பேன். முப்பது, நாற்பது பேர் அந்த நாடாக்களுக்கு நடுவே சிகரெட் பிடித்துக்கொண்டு, சம்சாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு நடந்து போவார்கள்.

1993இல் பென்சன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்திருந்தது. எங்கள் லயமும் இல்லை. கோவில் மட்டும் அதே இடத்தில் இருந்தது. அங்கே வெள்ளிக்கிழமைகளில் சிரம்பானிலிருந்து ஓர் ஆசிரியர் வந்து சிவஞான சித்தியார் நடத்துவார். அறியும் வழிகளான அளவைகளைப் பற்றிப் பேசிய இரவை நான் மறக்கவே மாட்டேன். காண்டல் ஒரு அளவை, கருதல் ஒரு அளவை என்று சொல்லிக்கொண்டு வந்தவர், அபாவம் என்றார். ஒரு பொருள் இல்லை என்பதை அறிவதும் அறிவுதானாம். மணிமேகலையில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளிலும் அபாவம் உண்டு என்றார். வடநூல் தருக்கக்காரர்களில் ஒரு சாரார் 'இன்மை'யைத் தனிப் பொருளாகவே எண்ணுகிறார்களாம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காட்டில் நான் செய்த வேலைக்கு இத்தனை நூற்றாண்டுகளாக ஒரு பெயர் இருந்திருக்கிறது. திருக்குறளில் படைச்செருக்கு அதிகாரத்தைப் பலமுறை புரட்டியிருக்கிறேன். வேலும் யானையும் விழுப்புண்ணும் உண்டு, எல்லாருக்கும் முன்னால் தவழ்ந்து போகிறவன் அங்கே இல்லை. அவன் இந்த அளவைப் பகுதியில் இருந்தான்.

ஆனால் ஆசிரியர் அதோடு நிறுத்தவில்லை. "இருட்டு அறையில் குடம் தென்படவில்லை. அதனால் குடம் இல்லை என்று சொல்லலாமா? கூடாது. விளக்கு இருந்து, கண் இருந்து, குடம் இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்ற நிலையில்தான், தெரியாததை இல்லை என்று சொல்ல உரிமை உண்டு" என்றார். அன்றைக்கு நான் வகுப்பு முடியும் முன்பே எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

1977. மாலை நேரம், மழை மேகம், வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் பதினைந்து கெஜம் பாக்கி. இரண்டு விரல் இடைவெளி நான்கு விரலாயிற்று. அப்படிச் செய்யும்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. கை தானாகப் போயிற்று, நான் விட்டேன். எதுவும் தட்டவில்லை. எழுந்து நாடாவைக் கட்டி, "தியாடா" என்று கையைக் காட்டினேன். முதலில் நடந்தவர் கோலப்பிலாவிலிருந்து வந்த பிரைவேட், என்னைவிட இரண்டு வயது சின்னவர். வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. விசாரணையில் என்மேல் குற்றம் இல்லை என்று முடித்தார்கள்.

அந்தத் தடவை விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது அம்மா மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்தாள். "நீ முழுசா வந்திருக்க, அவதான் காப்பாத்தினா" என்று என் இரண்டு கால்களையும் தடவித் தடவி அழுதாள். எனக்கு வாய் திறக்கவில்லை. கோலப்பிலாவிலும் ஒரு தாய் ஐந்து வேளையும் தொழுதுகொண்டுதானே இருந்தாள்? என் கால் அம்மனின் சாதனை என்றால் அந்தக் கால் யாருடையது? அதற்குப் பிறகு பல வருடம் நான் கோவிலுக்குள் போகவில்லை. காட்டில் அந்த நிமிடத்தில் கடவுள் இல்லை என்பதை என் கண்ணால் பார்த்தேன் என்று நினைத்திருந்தேன்.

ஆசிரியரின் குடமும் விளக்கும் அந்த நினைப்பைத்தான் வந்து தொட்டன. இருந்திருந்தால் எனக்குக் கட்டாயம் தெரிந்திருக்குமா? எந்தக் கையால் தேடினேன், எத்தனை விரல் இடைவெளியில்? கோபத்தில், அவசரத்தில், பாதி வெளிச்சத்தில் தேடிவிட்டு 'இல்லை' என்று நாடா கட்டியவன் நான். மண்ணிலும் அப்படித்தான் கட்டினேன், சாமி விஷயத்திலும் அப்படித்தான். கடவுள் உண்டு என்று இதனால் நிரூபணம் ஆகிவிடாது, அது எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்லும் உரிமையை நான் சம்பாதிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை சாமி சன்னதிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். இன்றைக்கும் எனக்கு வேண்டுதல் என்று ஒன்றும் கிடையாது. போய் உட்காருவேன், அவ்வளவுதான்.

1989 டிசம்பர் 2இல் ஹாட்யாயில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆயுதங்களோடு, புதைத்த வெடிகளையும் கம்யூனிஸ்டுகளே அழிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. வானொலியில் கேட்டபோது முகாமில் கைதட்டினார்கள். புதைத்தவனுக்கு இடம் தெரியும், நேராகப் போய் எடுத்துவிடுவான். தேடியவனுக்கு ஒவ்வொரு அங்குலமும் கேள்விதான். கோலாலம்பூரில் துகு நெகாரா தேசிய நினைவுச் சிலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெண்கலத்தில் ஏழு பேர், அதில் இரண்டு பேர் காலடியில் விழுந்து கிடக்கும் எதிரிகள். அவர்களில் ஒருவனுக்காவது நான் தேடியது என்னவென்று தெரிந்திருக்கும் என்று அங்கே போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கோலப்பிலாக்காரர் ஹரிராயாவுக்கு என்னை அழைப்பார், தீபாவளிக்கு இங்கே வருவார். போன வாரம் சும்மாவே வந்திருந்தார். இருவருமாகப் பெடாஸ் வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். அந்தத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, கேள்வியை மலாயில் சொன்னேன். என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டார். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை, நடந்தது ஒன்றே ஒன்று, அது உன் கால் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மறுநாள் காலையில் அதே இடத்திலிருந்து நீ திரும்பவும் குத்த ஆரம்பித்தாயாமே? இரண்டு விரல், இரண்டு விரல் என்று. மருத்துவமனைக்கு வந்து சொன்னார்கள். நம் ஆட்கள் முப்பத்தொரு பேரும் உன் பின்னால்தானே நடந்தார்கள்?" என்றார்.

"ஆமாம்."

"வேறு சாப்பர் வேண்டும் என்று யாராவது கேட்டார்களா?"

கேட்கவில்லை. இத்தனை வருடமாக அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அவர் செயற்கைக் காலின் வாரைக் கழற்றி, அதை என் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். இடது காலை நீருக்குள் விடப் போனவர் நிறுத்தி, "பானாஸ்கா?", சூடாக இருக்கிறதா என்று கேட்டார். நான் குனிந்து உள்ளங்கையை விட்டு ஒரு பக்கம் பார்த்தேன், இரண்டு விரல் தள்ளி மறுபடியும் பார்த்தேன். பிறகு விடச் சொன்னேன்.