மாவுப்பூச்சியைக் கொல்லலாமா?



சஷ்டி, கிருத்திகைன்னா உயிர்க்கொலை வேண்டாம்னு சைவம் சாப்பிடுறோம். அந்த விரதச் சாப்பாட்டுக்கான காயை நாமே மாடியில வளர்க்க ஆரம்பிச்சா, பங்குனி பிறந்ததும் ஒரு கேள்வி வந்து நிக்கும். கத்திரிச் செடியில அப்பியிருக்கிற மாவுப்பூச்சியைக் கொல்லலாமா, கூடாதா?

தாம்பரம் பக்கம் எங்க வீட்டு மாடியில 14 பை இருக்கு. கத்திரி, வெண்டை, தக்காளி, மிளகாய். வெயில் ஏற ஏற மாவுப்பூச்சியும் பெருகும். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில முட்டை இடும். இலைக்கு அடியில, காம்பு இடுக்கில வெள்ளைப் பஞ்சு மாதிரி உட்கார்ந்து சாறு உறிஞ்சும். விட்டா கொழுந்து சுருண்டு செடியே போயிடும். (ஆபீஸ்ல என் வேலையே பக் எடுக்கிறதுதான். அங்க பாவ புண்ணியம் கிடையாது!)

"பாவம் பார்த்தா கத்திரிக்காயைக் கடையிலதான் வாங்கணும்"னு அம்மா சொல்லிட்டாங்க. கடையில வாங்கினா மட்டும் பாவம் போயிடுமா? காய்ப்புழுவுக்காக யாரோ ஒரு விவசாயி திரும்பத் திரும்ப மருந்து அடிச்சிருப்பார். கொலை அங்க, காய் இங்க. நம்ம கண்ணுல படலைங்கிறது மட்டும்தான் வித்தியாசம்.

கொல்லாமைக்குத் தனி அதிகாரம் எழுதின வள்ளுவரே, உழவு அதிகாரத்துல பயிருக்குத் தண்ணி பாய்ச்சுறதை விடக் காவல் காக்கிறது முக்கியம்னு சொல்றார். வள்ளியம்மை தினைப்புனம் காத்ததும் அதே காவல்தான். ஆனா அங்க வந்தது கிளி. ஆலோலம் பாடி, கவண்கல் வீசினா பறந்து போயிடும். பெண் மாவுப்பூச்சிக்குச் சிறகே கிடையாது. தண்ணியைப் பீய்ச்சி அடிச்சா கீழ விழும், சித்திரை வெயில்ல கொதிக்கிற தரையில. விரட்டுறதுன்னு ஒரு வழியே அங்க இல்லை.

அப்போ எல்லாரும் சொல்ற பதில், "வேப்பெண்ணெய் அடிங்க, இயற்கையானது." லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி, கரைய கொஞ்சம் சோப்பு, சாயங்காலம் அடிக்கணும். நல்லாவே வேலை செய்யுது. எப்படி வேலை செய்யுதுன்னு படிச்சுப் பார்த்தா மனசு சங்கடப்படுது. வேம்புல இருக்கிற அசாடிராக்டின், பூச்சியைச் சாப்பிட விடாது. இளம் பூச்சி தோலுரிச்சு வளரவும் விடாது. நாள் கணக்குல ஆகும். விரலால நசுக்கினா ஒரு நொடி. இயற்கைங்கிற சொல் நமக்குத்தான் ஆறுதல், பூச்சிக்கு இல்லை.

அதனால என் கட்சி இதுதான்: கொல்லலாம், ஆனா கையால, தினமும் பார்த்து. பையில வெச்ச செடிக்கு ஓடவும் வழியில்லை, வேரை நீட்டவும் இடமில்லை. அங்க கொண்டு வந்து வெச்சது நாம. காப்பாத்துற பொறுப்பும் நம்மளோடது. காலையில தண்ணி ஊத்தும்போது ஒவ்வொரு இலையையும் திருப்பினா, பத்து பூச்சி இருக்கும்போதே கண்ணுல படும். ரெண்டு வாரம் பார்க்காம விட்டா ஆயிரம் உயிர். எத்தனை கொல்றோம்ங்கிறது நம்ம கவனத்தைப் பொறுத்துத்தான் இருக்கு.

இதுல இன்னொரு சிக்கல். மாவுப்பூச்சியைத் தின்னுற ஒரு பொறிவண்டு இருக்கு, ஆஸ்திரேலியாவுல இருந்து கொண்டு வந்தது. அதோட புழுவும் உடம்பு பூரா வெள்ளைப் பஞ்சோட, அச்சு அசல் மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். கொஞ்சம் பெருசு, வேகமா நகரும், அவ்வளவுதான். மருந்து அடிக்கிற கைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எறும்பு வேற, மாவுப்பூச்சி விடுற இனிப்புத் துளிக்காக அதைக் காவல் காத்து, பொறிவண்டை விரட்டும்.

மூணாவது பையில இப்போ அந்தப் புழு நாலு இருக்கு. எறும்பு ஏறாம இருக்க, தண்ணி ஊத்தின தட்டுல செங்கல் வெச்சு அது மேல பையை வெச்சிருக்கேன். அந்தச் செடியில நான் கை வைக்கிறதில்லை, அதுங்களே பார்த்துக்குதுங்க. பக்கத்துச் செடியில நான் நசுக்குறேன். அந்தப் புழுவுக்கு மாவுப்பூச்சிதான் முக்கியச் சாப்பாடு. எனக்குக் கத்திரிக்காய் இல்லைன்னா ஒரு ரசமும் அப்பளமும் போதும். அங்கதான் எனக்கு இன்னும் பதில் வரலை.