சாம்பல் ஆண்டும் தாது வருஷமும்





சில ஆண்டுகளை மக்கள் எண்ணைச் சொல்லி நினைப்பதில்லை. அவற்றில் தாங்கள் பட்ட பாட்டைச் சொல்லியே நினைக்கிறார்கள். இஸ்லாமிய வரலாற்றில் ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு அப்படிப்பட்டது. 'ஆமுர் ரமாதா', அதாவது சாம்பல் ஆண்டு என்று அதற்குப் பெயர். நம் தமிழகத்தில் 1876-77 அப்படிப்பட்டது. அறுபது வருஷச் சுற்றில் 'தாது' என்பது வெறும் ஒரு பெயர்தான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டவுடன் பஞ்சம் என்ற சொல்லும் கூடவே நாவில் வந்துவிடுகிறது. நமது கணக்கில் அது ஹிஜ்ரி 1293-94.

ஏறத்தாழ 1240 ஆண்டுகள் இடைவெளி. ஒன்று அரபு நாட்டில். மற்றொன்று நம் வீட்டு வாசலில். இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி நம்மைச் செய்தது ஒரு நெசவாளப் பெரியவரின் கேள்வி. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒரு கேள்வி

2016-ஆம் ஆண்டின் ஐப்பசியும் கார்த்திகையும் வறண்டே கழிந்தன. தமிழகத்துக்கு வரவேண்டிய வடகிழக்குப் பருவமழையில் ஏறக்குறைய 62 சதவீதம் வரவில்லை. 1876-க்குப் பிறகு இத்தகைய குறைவு ஏற்பட்டதில்லை என்று வானிலை அறிந்தோர் கூறினர். 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. மேட்டூர் அணையில் நீர் இறங்க இறங்க, மூழ்கிக் கிடந்த பழைய கட்டிடங்கள் தலைகாட்டின.

பெயரிலேயே ஜலத்தை வைத்திருக்கும் நமது ஜலகண்டாபுரத்தில் கிணறுகள் அடிமண் தெரியக் கிடந்தன. ஜமாஅத்தார் கூடி மழைத்தொழுகை நடத்துவதென முடிவு செய்தார்கள். ஊருக்கு வெளியே திடலில் பழைய ஆடை உடுத்தி நின்றோம். இரண்டு ரக்அத் தொழுவித்து, மேலாடையைத் திருப்பிப் போட்டு, கை ஏந்தி அழுதோம். பலரும் அழுதார்கள்.

அன்று பகலிலேயே ஒரு வலீமா விருந்து. நெய்ச்சோறும் கறியும் தாராளமாகப் பரிமாறினார்கள். நாமும் வயிறாரச் சாப்பிட்டோம். அசர் தொழுகைக்குப் பின் அந்தப் பெரியவர் நம்மிடம் வந்தார்.

"ஹஜ்ரத், மழைக்கு துஆ கேட்டீங்க, சந்தோஷம். பள்ளிவாசலுக்குப் பின் வீதியில ரெண்டு வீட்டுல தறி நின்னு ரெண்டு மாசம் ஆச்சுங்க. ரேஷன் அரிசிக் கஞ்சியில உப்புப் போட்டுக் குடிக்கிறாங்க. கருகமணியும் அடகுக்குப் போயிடுச்சு. இது யாருக்காச்சும் தெரியுமுங்களா?"

நமக்குத் தெரியாது. தினமும் ஐந்து வேளை அந்த வீதியைக் கடந்துதான் பள்ளிக்குப் போகிறோம். அந்த வீட்டு ஆண்கள் நமக்குப் பின்னால் ஸஃப்பில் நின்று தொழுகிறார்கள். ஆயினும் தெரியாது! நம் கையில் அந்த விருந்தின் நெய் வாசம் இன்னும் போகவில்லை.

அன்றிரவு கிதாபைப் புரட்டி சாம்பல் ஆண்டின் வரலாற்றை வாசித்தோம். முன்பு மதரஸாவில் பரீட்சைக்காக ஓதிய பாடம். அன்று அது வேறுவிதமாக நம்மைப் பார்த்தது.

ஹிஜ்ரி 18

ஹஜ்ரத் உமர் ஃபாரூக் (ரலி) அவர்களின் கிலாஃபத் காலம். ஹிஜாஸ் பூமியில் ஒன்பது மாதம் மழையில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். காற்றடித்தால் மண் சாம்பலாகப் பறந்தது. காட்டு விலங்குகள் மனிதனை நாடி ஊருக்குள் வந்தன. ஆட்டை அறுத்தால் அதில் உண்ணத் தகுந்த சதை இல்லை. பாலைவனத்து மக்கள் ஆயிரமாயிரமாக மதீனாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கலீஃபா என்ன செய்தார்கள்? ஷாம் தேசத்துக்கு ஆளனுப்பினார்கள். அங்கிருந்து அபூ உபைதா (ரலி) அவர்கள் நாலாயிரம் ஒட்டகங்களில் உணவை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பெரும் சட்டிகள் அடுப்பேறின. வந்தவர்களுக்குப் பந்தி, வர இயலாத நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் இருந்த இடத்திலேயே உணவு. அந்த ஆண்டு ஜகாத் வசூலிக்க ஆட்களை அனுப்பவில்லை. மழை பெய்த பிறகே வசூலித்தார்கள். பசியால் திருடியவனின் கையை வெட்டும் தண்டனையையும் அந்த ஆண்டில் நிறுத்தி வைத்தார்கள்.

இவை ஆட்சியாளரின் கடமைகள். அதற்கு மேலும் ஒன்று உண்டு. ஒரு நாள் நெய்யில் பிசைந்த ரொட்டியை ஒரு கிராமவாசியோடு உட்கார்ந்து உண்டார்கள். அவர் தட்டின் ஓரமெல்லாம் நெய்யைத் தேடித் தேடி வழித்தார். விசாரித்ததில், நெய்யைக் கண்ணால் கண்டே பல நாளாயிற்று என்று தெரிந்தது. அன்றே கலீஃபா சத்தியம் செய்தார்கள்: மக்கள் பழைய நிலைக்குத் திரும்பும்வரை தமக்கு நெய்யும் இல்லை, இறைச்சியும் இல்லை! ஸைத்தூன் எண்ணெயும் காய்ந்த ரொட்டியும் உண்டு அவர்களின் சிவந்த மேனி கறுத்துப் போயிற்று. வயிறு இரைந்தால், இரைந்துகொள், மக்கள் செழிக்கும்வரை உனக்கு இதுதான் என்று அதற்கே பதில் சொன்னார்கள்.

வீட்டுப் பிள்ளை ஒன்றின் கையில் ஒரு பழத்தைக் கண்டு, உம்மத் மெலிந்து கிடக்கையில் நீ பழம் தின்கிறாயா என்று கடிந்துகொண்டார்கள். குழந்தை அழுதுகொண்டே ஓடிற்று. ஒரு கைப்பிடி பேரீச்சங்கொட்டை கொடுத்து வாங்கிய பழம் அது என்று பிறகு தெரிந்தது. கொட்டையைக் கொடுத்து வாங்கிய பழத்துக்கே அந்த வீட்டில் கேள்வி இருந்தது!

அவர்கள் துஆவையும் விடவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி மழைக்காக இறைஞ்சினார்கள். மழையும் வந்தது. நெய்யைத் துறந்த கைகளே மழைக்காக ஏந்தப்பட்டன என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

தாது வருஷம்

இனி நம் ஊருக்கு வருவோம். 1876-இல் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் கோடை தாண்டி நெடுநாள் மழை வரவில்லை. மேட்டூர் அணை அப்போது இல்லை. அது கட்டி முடிந்ததே 1934-இல்தான். சேலம் சீமையின் மானாவாரிக் காடுகள் வானத்தையே நம்பியிருந்தன. மாடுகள் முதலில் விழுந்தன; பிறகு மனிதர்கள். விளையாத ஊரில் துணி வாங்குவார் யார்? உழவனுக்கு அடுத்தபடி தறிக்காரனின் அடுப்பு அணைந்தது.

ஆனால் தானியம் எங்குமே இல்லையா? இருந்தது! சேலத்துக்கு 1860-களிலேயே ரயில் வந்துவிட்டது. மூட்டைகள் வந்து இறங்கின. விலைதான் ஏழையின் கைக்கு எட்டவில்லை. இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டும் இருந்தது. சென்னை மாகாண அரசு தானே தானியம் வாங்கி வைக்க முனைந்தபோது, வியாபாரத்தில் அரசு தலையிடலாகாது என்று மேலிடம் தடுத்தது. 1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு, விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினியாக அறிவித்து மாபெரும் தர்பார் நடத்தினார்.

அதே மாதம், செலவைக் குறைக்க சர் ரிச்சர்ட் டெம்பிள் தெற்கே அனுப்பப்பட்டார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டிச் சுமக்கும் மனிதனுக்கு இது எப்படிப் போதும் என்று மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதாடினார். பின்னரே கூலி கூட்டப்பட்டது.

நிவாரணமே நடக்கவில்லை என்று சொன்னால் அது நீதியாகாது. கஞ்சித்தொட்டிகள் இருந்தன. பக்கிங்காம் கால்வாயில் பஞ்ச வேலை நடந்தது. நல்ல உள்ளங்கள் இங்கிலாந்திலும் பணம் திரட்டின. ஆயினும் கணக்கைப் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் சேர்த்த அன்றைய சேலம் ஜில்லாவில் 1871 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-இல் சுமார் 16 லட்சம் பேர்தான். பசியிலும் காலராவிலும் மாண்டவர்கள், இலங்கைத் தோட்டங்களுக்கும் பிற இடங்களுக்கும் போனவர்கள், பிறக்காமலே போன பிள்ளைகள் என எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

இரண்டுக்கும் பொதுவானது

இரண்டு ஆண்டிலும் வானம் மூடிக்கொண்டது. இரண்டிலும் கால்நடைகள் முதலில் அழிந்தன. மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தார்கள். கொள்ளைநோயும் வந்தது. ஹிஜ்ரி 18-இல் ஷாமில் பரவிய அம்வாஸ் கொள்ளைநோயில், உணவு கொண்டுவந்த அதே அபூ உபைதா (ரலி) அவர்களும் வஃபாத்தானார்கள். 1877-இல் காலராவும் அம்மையும் வந்தன.

இன்னொன்றும் பொதுவானது. அதுதான் நமக்குப் பாடம். இரண்டு ஆண்டிலும் அல்லாஹ்வின் பூமியில் வேறோர் இடத்தில் உணவு இருந்தது! ஷாமில் இருந்த தானியம் ஒட்டகத்தின் நடையில் பசித்தவனை வந்தடைந்தது. இங்கே ரயிலின் வேகத்தில் வந்த தானியமோ பசித்தவனின் கண்ணெதிரே மூட்டையாகவே இருந்தது.

ஆகவே சகோதரர்களே! மழை அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அதை அவனிடம்தான் கேட்க வேண்டும். பந்தியை அவன் நம் கையில் கொடுத்திருக்கிறான். மழை ஏன் இல்லை என்று மறுமையில் நம்மைக் கேட்கமாட்டான். பக்கத்து வீட்டில் ஏன் பசி என்று கேட்பான். அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிரப்புபவன் முழுமையான மூமின் அல்லன் என்பது நபிமொழியின் கருத்தல்லவா?

லிட்டனையும் டெம்பிளையும் குறை சொல்வது எளிது. ஆனால் மழைத்தொழுகை தொழுவித்த அன்றே நெய்ச்சோறு தின்று, பின் வீதியைப் பார்க்காமல் வந்த நமக்கு அந்த உரிமை எந்த அளவில் உண்டு? தர்பார் டெல்லியில் மட்டும் நடப்பதில்லை; நம் கல்யாண மண்டபத்திலும் நடக்கிறது.

நம் வீடுகளில் என்ன செய்வது?

வறட்சி நீடித்திருந்தால், வசதியுள்ள ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் உண்டோ அத்தனை ஏழைகளை அந்த வீட்டோடு சேர்த்திருப்பேன். பாதி வயிறு உண்டு யாரும் சாவதில்லை என்ற கருத்துப்பட ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள். பஞ்சத்துக்கு அவர்கள் கண்ட கடைசி மருந்து களஞ்சியத்தில் இல்லை. நம் அடுக்களையில் இருந்தது. அஷ்அரீ கூட்டத்தாரும் இப்படித்தான். உணவு குறைந்தால் எல்லாரிடமும் இருப்பதை ஒரே துணியில் கொட்டி, சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அவர்களைப் புகழ்ந்தார்கள். துணி நெய்யும் ஊரார் நாம். அந்த ஒரு துணி நம்மிடம் உண்டா?

தாய்மார்களே! கை நீட்டாதவனே பெரும்பாலும் அதிகம் பசித்தவன். நெசவாளி மானத்துக்கு அஞ்சுபவன். வாசலில் வந்து கேட்பவருக்குக் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. கேட்காதவர் யார் என்று விசாரிப்பதும் கடமை. அதைப் பள்ளிவாசலில் நிற்கும் ஆண்களைவிட அடுக்களை வழியாக நீங்களே அறிவீர்கள். அறிந்தால், அவர்கள் முகம் வாடாதபடி கொடுங்கள்.

வசதியுள்ளோரே! தறி நின்ற வீட்டுக்கு வட்டியில்லாத கடன் கொடுங்கள். நீங்கள் கொடுக்காத கர்ளன் ஹஸனாவின் இடத்தில்தான் கந்துவட்டிக்காரன் வந்து உட்காருகிறான். அந்த வீடு எந்த மார்க்கத்தைச் சேர்ந்தது என்றும் பாராதீர்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தால், யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தாயிற்றா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அந்தப் பெரியவர் கேட்டதற்கு அடுத்த ஜும்ஆவில் பெயர் எதுவும் சொல்லாமல் சாம்பல் ஆண்டைப் பற்றிப் பயான் செய்தோம். நம் சொந்தத் தவறையும் மிம்பரில் சொன்னோம். தறி மீண்டும் ஓடும்வரை ஒரு குடும்பத்தைத் தம் குடும்பத்தோடு சேர்த்துக்கொள்ள மூன்று வீட்டார் முன்வந்தார்கள். இவ்வளவு பெரிய ஜமாஅத்தில் மூன்று வீடுகள்தான்! எனினும் பின் வீதியின் அந்த இரண்டு கருகமணிகளும் மீண்டு வந்தன. மழை பிற்பாடு வந்தது. மழைக்கு முன்பே அந்த இரண்டு வீடுகளிலும் குழம்பு கொதித்தது.

யா அல்லாஹ்! எங்களுக்குப் பயனுள்ள மழையைத் தருவாயாக! மழை தாமதிக்கும் நாளில் எங்கள் கைகள் மூடிக்கொள்ளாமல் காப்பாயாக! பசித்தவரின் வீதியை அறியாமல் கடந்து போன எங்கள் குற்றத்தை மன்னிப்பாயாக! ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!