நாள் பார்த்தல்

நமக்கு நல்ல நாள், கெட்ட நாள் என்று கிடையாது. எல்லா நாளும் அல்லாஹ்வின் நாளே என்று சின்ன வயதிலேயே ஓதிப் படித்தவர்கள் நாம். அட்டமி, நவமி பார்த்துக் காரியம் தொடங்கும் அயலவர்களைக் கண்டு உள்ளுக்குள் சிரித்தவர்களும்தான். (ஸபர் மாதத்தில் கலியாணம் வைக்கத் தயங்கும் நமது மூத்தம்மாக்களை இந்தச் சிரிப்பில் சேர்ப்பதில்லை.) ஆனால் நமக்கு இல்லாத கெட்ட நாள் ஒன்று அயலானுக்கு இருந்தால், அந்த நாளில் நமது சந்தோஷத்தை வைத்துக்கொள்ளலாமா? 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் என் மூத்த மகனின் கலியாணத்தை ஒட்டி இந்தக் கேள்வி எங்கள் முற்றத்துக்கு வந்தது.

அந்த ஒரு மாதத்தை எப்படிக் கடந்தோம் என்பது இப்போதும் ஆச்சரியம்தான். நோன்பு பிடித்து ஒன்பதாம் பத்தாம் நாளில், ஏப்ரல் 12இல், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. டீசலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. தராவீஹ் முடிந்து வந்து, மின்சாரம் இல்லாத இருட்டில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு அழைப்புப் பட்டியல் எழுதினோம். பெண் வீடு புத்தளம். மாப்பிள்ளை வான் அங்கே போய்த் திரும்ப வேண்டிய டீசலை என் மருமகன்மார் இரண்டு லீற்றர், மூன்று லீற்றராகச் சேர்த்துக் கானில் பூட்டி வைத்தார்கள். தையற்காரர் கரண்ட் வரும் நேரம் பார்த்து நடுச்சாமத்தில் தைத்தார். என் மனைவிக்கு எழுத நேரமில்லை. சாமான்களை விரல்விட்டு எண்ணியே மாதம் ஓடியது. விறகுக்கு மட்டும் வன்னியில் பஞ்சமில்லை.

பெருநாள் மே 3இல் வந்தது. நிக்காஹை மே 15, ஞாயிற்றுக்கிழமை வைப்பது என்று பெண் வீட்டார் ஏற்கனவே தீர்மானித்திருந்தார்கள். அன்று வெசாக். மறுநாளும் விடுமுறை என்பதால் கொழும்பில் உள்ளவர்கள் வர வசதி. வெசாக்குக்கு இறைச்சிக் கடை பூட்டு. ஆகவே நிக்காஹ் அன்று பள்ளியில் காவின் எழுதித் தேநீரும் பலகாரமும், இறைச்சிச் சோறெல்லாம் எங்கள் வீட்டு வலீமாவில் என்று பேச்சு. பெண்ணும் பெண் வீட்டாரும் 17ஆந் திகதி இரவு முல்லைத்தீவு வந்துசேர்வார்கள். 18 பகல் வலீமா. கணக்கு நன்றாகத்தான் இருந்தது. பட்டியலின் மேலே திகதியை எழுதும்போது என் தம்பி பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "பதினெட்டா?"

மே 18 என்ன நாள் என்று இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2009இல் கிளிநொச்சியிலிருந்து தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டுக் கடலோரத்துக்கு வந்த சனம் கடைசியாக முடங்கிய துண்டு நிலம் முள்ளிவாய்க்கால். அந்தப் போரின் கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. உப்பும் தண்ணீரும் கொஞ்சம் அரிசியுமாக அவர்கள் குடித்த கஞ்சியை ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து வட்டுவாகல் பாலத்தைத் தாண்டினால் அந்த மண். அங்கே ஆயிரக்கணக்கானோர் அழுதுகொண்டிருக்கும் பகலில் இங்கே சஹனில் சோறு போடுவதா? சரி, ஒரு நாள் தள்ளி 19இல் வைக்கலாமென்றால் அது இன்னும் மோசம். 19 அரசாங்கத்தின் போர்வெற்றி நாள். அன்று முல்லைத்தீவில் விருந்து வைத்தால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும்.

புத்தளத்திலிருந்து வந்திருந்த என் மச்சான் அப்போது கேட்டதை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். "தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர்ல நம்மளை வெளியாக்கினாங்களே, நமக்கு யார் கஞ்சி காய்ச்சினது? அந்த நாளை யார் கொண்டாடாம விட்டது?"

இது கீழ்த்தரமான கேள்வி அல்ல. 1990 ஒக்டோபர் பிற்பகுதியில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம்தான் அவகாசம். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. என் மகனும் அங்கே பிறந்தவன்தான். ஒக்டோபர் 30 வடக்கில் இன்றும் சாதாரண நாளாகவே கழிகிறது. ஆகவே மச்சானின் காயம் உண்மை. ஆனால் அதிலிருந்து அவர் இறங்கும் முடிவு உண்மையா? நம்மை வெளியேற்றக் கட்டளையிட்டவனும் முள்ளிவாய்க்கால் பதுங்குகுழியில் மூடுண்ட பிள்ளையும் ஒருவரல்லர் என்பது ஒரு பதில். அது சரியான பதில்தான், ஆனால் போதாது. ஏனென்றால் மச்சான் பேசியது குற்றத்தைப் பற்றியல்ல, கணக்கைப் பற்றி. நீ என் துக்கத்துக்கு வரவில்லை, நான் உன் துக்கத்துக்கு வரமாட்டேன் என்ற கணக்கு. அயலானின் ஹக்கை நமது மார்க்கம் அப்படிக் கணக்கில் வைக்கவில்லை. அது அவன் நமக்குச் செய்ததற்கு ஈடாக இறங்கிய கட்டளையல்ல. முஃத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, அந்த வீட்டாருக்குச் சாப்பாடு செய்து அனுப்புங்கள் என்றுதான் நபிகளார் சொன்னார்கள். முன்பு அவர்கள் யாருக்கு அனுப்பினார்கள் என்று அங்கே கேள்வி வரவில்லை.

வெசாக்கையும் நினைத்துப்பார்த்தேன். சட்டம் சொன்னதும் இறைச்சிக் கடையைப் பூட்டுகிறோம், கலியாணச் சாப்பாட்டையே மாற்றுகிறோம்; அதில் நமக்கு மானக்கேடு எதுவும் தோன்றவில்லை. மே 18க்கு ஒரு சட்டமும் இல்லை. கஞ்சி காய்ச்சியவர்களைப் பொலிஸ் பிடித்ததுதான் உண்டு. 2024இல் சம்பூரில்கூட அது நடந்தது. சட்டம் கேட்கும் மரியாதையைக் கொடுத்துவிட்டு, கேட்க ஆளில்லாத மரியாதையை மறுப்பவன் எதற்கு மரியாதை செய்கிறான்? பொலிசுக்குத்தான்.

மார்க்கம் படித்த ஓர் உறவினர் வேறு பக்கத்திலிருந்து வந்தார். துக்கம் மூன்று நாள், விதவைக்கு நாலு மாதம் பத்து நாள், பதின்மூன்று வருஷத் துக்கத்துக்கு நம்மிடம் இடமில்லை என்றார். தகப்பனார் அபூஸுஃப்யான் இறந்து மூன்றாம் நாள் உம்மு ஹபீபா (ரலி) வாசனை வரவழைத்துப் பூசிக்கொண்டதையும் சொன்னார். எல்லாம் சரி. அது நாம் துக்கம் காக்கும் அளவு. அயலான் அழும்போது நாம் எவ்வளவு சத்தமாகச் சிரிக்கலாம் என்பதன் அளவல்ல.

இவ்வளவும் பேசியபிறகு திகதியைத் தள்ளுவதென்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஆனால் எங்களுக்குள்ளேயே பேசி முடிக்க மனம் ஒப்பவில்லை. முள்ளிவாய்க்காலில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் உண்டு. அந்த வீட்டுக்காரர் பழைய காலத்தில் வாப்பாவுக்கு மீன் கொடுத்தவர். 1990இல் நாங்கள் வெளிக்கிட்ட அன்று சைக்கிளில் வந்து, வாப்பாவிடம் வாங்கியிருந்த முற்பணத்தில் மிச்சத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். (கணக்கு என்று வந்தால் இதுவும் ஒரு கணக்கு.) அவர் 2009இல் செல்லடியில் போனார். அதே மே மாதத்தில் அவர்களுடைய கடைசி மகன், பத்தொன்பது வயது, வட்டுவாகலில் சரணடைந்தவர்களை ஏற்றிய பஸ்ஸில் ஏறினான். அதற்குப்பிறகு தகவல் இல்லை. தாய் மட்டும் இருக்கிறார்.

நான் அழைப்பிதழை எடுத்துக்கொண்டு போகவில்லை, கேட்கத்தான் போனேன். "அக்கா, பதினெட்டுத் துக்கத்துக்காகக் கலியாணச் சாப்பாட்டைத் தள்ளி வைக்கப்போறம்" என்றேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்:

"சனம் அழுகிற நாள், தள்ளி வையுங்கோ தம்பி. அவருக்கு நானும் கும்பிடுவன். ஆனா என்ர பிள்ளைக்காக எண்டு தள்ளாதேங்கோ. அவனுக்கு நான் திவசம் குடுக்கேல்லை."

முற்றத்தில் நாங்கள் நடத்திய விவாதம் முழுவதும் ஒரே துக்கத்தைப் பற்றியதாக இருந்தது. இங்கே ஒரே வீட்டில் இரண்டு இருந்தன. புருசனுக்கு ஒப்பாரி உண்டு, விளக்கு உண்டு. மகனுக்கு அவை எதுவும் கிடையாது, அவன் வரவேண்டியவன். அவன் பெயரைச் சொல்லி நான் சந்தோஷத்தை ஒத்திவைத்தால், அவன் இறந்துவிட்டான் என்று அந்தத் தாயின் முகத்துக்கு நேரே நான் சொன்னதாகிவிடும். காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று 2020 ஜனவரியில் நாட்டின் ஜனாதிபதி ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கி வெயிலில் குந்தியிருந்த தாய்மார் கேட்டது அந்த வசனத்தையல்ல. மரணச் சான்றிதழை வாங்க மறுத்தவர்கள் பலர். அந்த வேலையை மரியாதை என்ற பெயரில் நானும் செய்வதா?

திரும்பி வரும்போது நம்முடைய ஃபிக்ஹ் கிதாபுகளில் உள்ள 'மஃப்கூத்' பாடம் ஞாபகம் வந்தது. காணாமற்போனவனின் மனைவி நாலு வருஷம் காத்திருந்து பிறகு இத்தா இருக்கட்டும் என்பது உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு. இமாம் ஷாஃபிஈயின் பிந்திய கருத்தோ, மரணம் உறுதியாகும்வரை அவள் அவன் மனைவியே என்கிறது. அவனுடைய சொத்தை வாரிசுகள் பங்கிட முடியாது. தன் சொத்தின் விஷயத்தில் அவன் உயிரோடிருப்பவன். இளவயதில் இதைப் படித்தபோது வறண்ட சட்டமாகத் தெரிந்தது. உறுதியில்லாமல் ஒரு மனிதனைச் சாகடிக்க யாருக்கும் உரிமையில்லை என்ற அச்சம் அதற்குள் இருப்பது வட்டுவாகல் பாலத்தில்தான் எனக்குப் புரிந்தது.

வலீமாவை 21ஆந் திகதி சனிக்கிழமைக்கு மாற்றினோம். பெண் வீட்டார் பயணத்தை மாற்ற வேண்டிவந்தது. கானில் இருந்த டீசல் அதற்குள் கொஞ்சம் குறைந்தும் போனது. மச்சான் கடைசிவரை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. மே 18இல் கொழும்பு காலிமுகத்திடலில் போராடிக்கொண்டிருந்த சிங்களப் பிள்ளைகளும் சேர்ந்து முள்ளிவாய்க்காலை நினைவுகூர்ந்த செய்தி வந்தபோது, "நம்மட ஒக்டோபரையும் ஒருநாள் நினைப்பாங்களா, பார்ப்பம்" என்றார். அந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. அதை நான் தட்டிக்கழிக்கவும் இல்லை.

அன்று விடைபெறும்போது அந்த அக்கா ஒன்று கேட்டிருந்தார். அழைப்பிதழ் உறையில் தன் பெயரோடு மகனின் பெயரையும் எழுத வேண்டுமாம். வீணான நம்பிக்கையை வளர்க்கிறாய் என்று வீட்டில் ஒருவர் தடுத்தார். அந்த நம்பிக்கையை அளந்து வெட்டும் வேலை என்னுடையதல்ல என்று நினைத்தேன். உறைகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த என் மகள் மட்டும் பேனாவோடு நிமிர்ந்து, அவருக்கு இப்போது முப்பத்திரண்டு வயதிருக்குமே, 'திரு' போடுவதா 'செல்வன்' போடுவதா என்று கேட்டாள். இன்னும் கலியாணம் ஆகவில்லை, 'செல்வன்' என்றே போடு என்றேன்.